மதில் சூழ்ந்த மலர்

பெயர் ஒன்றாயிருந்தால் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்பின் காரணமாகச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் டேராடூனில் எங்கள் குடியிருப்பில் ஒரு சிறு வழக்கு மூண்டது.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஐந்தாம் வகுப்பு மாணவி. 'நம் மாநில மலர்' என்ற பாடத்துக்காக அவள் ஒரு படம் வரைந்து கொண்டு போயிருந்தாள். நீண்ட வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தம், தட்டையான பச்சைத் தண்டின் ஓரத்திலிருந்து வளைந்து தொங்கும் காம்பு. கீழே 'பிரம்ம கமலம்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை படத்தைப் பாராட்டினாராம். ஆனால் பூ தவறு என்று சொல்லி மதிப்பெண் தரவில்லையாம். அன்று மாலையே சிறுமியின் தாயார் எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

"அண்ணா, உங்கள் வீட்டுத் தொட்டியில் பூத்ததைப் பார்த்துத்தானே குழந்தை வரைந்தாள்? நாம் எல்லோரும் பிரம்ம கமலம் என்றுதானே சொல்கிறோம்? பின்னே எப்படித் தவறாகும்?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லத் தயக்கமாக இருந்தது. காரணம், கூடத்தில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருந்த என் தாயார். அந்தத் தொட்டிச் செடி அவருடையது. தந்தையார் காலமான பின் ஊரை விட்டு என்னோடு வந்தபோது, ஒரு தண்டை ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் இரண்டு இரவும் மடியில் வைத்துக் கொண்டு வந்தார். ஆண்டுதோறும் அது பூக்கும் இரவில் அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்துக் கற்பூரம் காட்டிச் சுவாமிக்குச் சாத்துவார். பூவின் நடுவே அரவணையில் பள்ளி கொண்ட பெருமாளைக் காணலாம் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்.

ஆயினும் குழந்தையின் படிப்பு விஷயத்தில் மழுப்புவது தகாது. உண்மையைச் சொன்னேன். அது ஒரு கள்ளி இனம். எபிபில்லம் ஆக்ஸிபெட்டாலம் என்பது தாவர நூலார் இட்ட பெயர். மெக்ஸிகோ முதலிய நாடுகளின் காடுகளில் மரங்களைப் பற்றி வளர்வது. நாம் இலை என்று எண்ணுவது அதன் தண்டே. பிரம்ம கமலம் என்ற பெயரை மக்கள் அன்பினால் அதற்குச் சூட்டிவிட்டார்கள். இமயமலையில் அப்பெயருக்கு உரிய மலர் வேறொன்று உண்டு. அதுவே இம்மாநிலத்தின் மலர்.

அம்மையார் சமாதானம் அடைந்து சென்றார். என் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நான் பெயர் தப்பிய பூவையா சுவாமிக்குச் சாத்தினேன்?"

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. "கேதாரநாதருக்குச் சாத்துகிற அந்த அசல் பூவை ஒரு முறையாவது கொண்டு வா, அப்பா. என் கையால் ஒரு நாள் வைத்துவிடுகிறேன்" என்று அவர் சொன்னபோது, "ஆகட்டும் அம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கின் கதையைத்தான் இம்மாதம் சொல்ல எண்ணுகிறேன். முதலில் அந்த மலர் எது என்பதை அறிவோம்.

பெயரைக் கேட்டதும் தாமரையை நினைப்போம். ஆனால் இது குளத்தில் பூப்பதன்று. தாமரைக்கு உறவும் அன்று. நம் ஊர்த் தோட்டத்துச் சாமந்தி, வயல் வரப்பில் முளைக்கும் கரிசலாங்கண்ணி, வீட்டு வேலியோரத்துச் சூரியகாந்தி ஆகியவையே இதன் சுற்றத்தார். அக்குடும்பத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பூ என்று நாம் கையில் எடுப்பது உண்மையில் பல சிறு பூக்கள் கூடிய ஒரு கூட்டம். சூரியகாந்தியின் வட்டத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்; ஒவ்வொரு விதைக்கும் ஒரு தனிப் பூ உண்டு.

பிரம்ம கமலம் சுமார் 12,000 அடி முதல் 15,000 அடி வரை உயர்ந்த மலைச் சரிவுகளில், மரங்கள் நின்றுபோன எல்லைக்கு அப்பால், பாறை இடுக்குகளிலும் புல்வெளிகளிலும் வளர்கிறது. ஆண்டுதோறும் விதையிலிருந்து புதிதாக முளைத்து மடியும் பூண்டு அன்று. பல்லாண்டு வாழும் செடி. பனிக்காலம் வந்ததும் மேலே உள்ள தண்டும் இலையும் கருகிவிடும். மண்ணுக்கடியில் தடித்த கிழங்குத் தண்டு மட்டும் உயிரைக் காத்துக்கொண்டு பனியின் கீழே உறங்கும். பனி உருகியதும் மறுபடி துளிர்க்கும். ஓரடி, ஒன்றரையடி உயரம் வளர்ந்து, ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும்.

பூவின் அமைப்பே ஆச்சரியமானது. தூரத்திலிருந்து பார்த்தால் வெளிறிய மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு பெரிய தாமரை மொட்டுப்போல் தோன்றும். அவை இதழ்கள் அல்ல. எண்ணெய்த் தாளைப்போல் மெல்லியனவாய், வெளிச்சம் ஊடுருவக் கூடியனவாய் மாறிய இலைகள் அவை. ஓடம்போல் குழிந்து, ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நிற்கின்றன. அவற்றை விலக்கிப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு தலைகள் கொத்தாக ஒடுங்கியிருக்கும். அவையே உண்மைப் பூக்கள். அங்கே ஆடி மாதத்திலும் உறைபனி விழும். மழை சாட்டையால் அடிப்பதுபோல் அடிக்கும். வெயிலோ சுள்ளென்று எரிக்கும். இவற்றிலிருந்து மகரந்தத்தைக் காக்கவே செடி தன் இலைகளால் ஒரு கூடாரம் கட்டிக்கொள்கிறது என்பது தாவர அறிஞர் கருத்து.

இதன் சாஸ்திரப் பெயர் ஸாஸ்ஸூரியா ஓப்வலேட்டா. பெயரின் பிற்பகுதி லத்தீன் மொழிச் சொல். மதிலால் சூழப்பட்டது என்று பொருள்படும். எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! முற்பகுதி ஸ்விட்சர்லாந்து தேசத்து ஸோஸ்ஸூர் குடும்பத்தின் நினைவாக வந்தது. அக்குடும்பத்து ஹொராஸ் பெனடிக்ட் டி ஸோஸ்ஸூர், ஐரோப்பாவின் மோன் பிளான் சிகரத்துக்கு வழி காண்போருக்குப் பரிசு தருவதாக 1760-இல் அறிவித்து, 1787-இல் தாமும் அதன்மேல் ஏறியவர். மலையை நேசித்தவரின் பெயர் மலை மலருக்கு அமைந்தது.

பாஞ்சாலியின் விருப்பத்துக்காக வீமன் தேடிச் சென்ற சௌகந்திக மலர் இதுவே என்று சொல்வாரும் உண்டு. வில்லிபாரதத்தில் புட்ப யாத்திரைச் சருக்கம் படித்தவர்களுக்கு அக்கதை நினைவிருக்கும். 1982-இல் நம் தபால் இலாகா இமயமலைப் பூக்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. இனி என் வாக்கின் கதைக்கு வருகிறேன்.

ஆகஸ்டு மாத நடுவில் ஒரு வார விடுப்பு எடுத்துக்கொண்டு, அலுவலக நண்பர் இருவருடன் ஹேமகுண்டம் புறப்பட்டேன். பத்ரிநாத் செல்லும் பாதையில் கோவிந்த்காட் என்ற இடத்தில் இறங்கி, மலைப்பாதையில் நடந்து காங்கரியாவை அடைய வேண்டும். அங்கிருந்து ஒரு பாதை பூக்களின் பள்ளத்தாக்குக்குப் பிரிகிறது. 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் அப்பள்ளத்தாக்கைக் கண்டு மயங்கி, பின்னர் அதைப் பற்றி எழுதிய நூல் 1938-இல் வெளிவந்தது. அதன் மூலமே உலகம் அதை அறிந்தது. அது 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மற்றொரு பாதை ஹேமகுண்டத்துக்கு ஏறுகிறது. குரு கோவிந்த சிங் முற்பிறவியில் தவம் செய்த இடம் என்று சீக்கியர்கள் போற்றும் ஏரி அது. கரையில் குருத்வாராவும், அருகே இலக்குமணனுக்கு ஒரு சிறு கோயிலும் உள்ளன.

காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். மழைத் தூறல் விடவில்லை. எங்கள் மூட்டைகளைச் சுமக்க உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும். முதுகில் கூடையைச் சுமந்தபடி எங்களுக்கு முன்னே நடந்தார். நாங்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினோம்.

மேலே நெருங்கியதும் பெரியவர் கையை நீட்டினார். மூடுபனி சற்று விலகியது. பாதைக்கு மேலே பாறைச் சரிவில், ஈரம் சொட்ட, வெளிறிய விளக்குகளை ஏற்றி வைத்தாற்போல் பத்துப் பதினைந்து மலர்கள் நின்றன. காற்றில் ஒரு காரமான நெடி வந்தது. அருகே சென்று குனிந்து பார்த்தேன். மெல்லிய இலைக் கூடாரத்தின் இடுக்கில் ஊதாப் பூக்கொத்து தெரிந்தது. நீர்த்துளிகள் வெளியே வழிந்தோடின, உள்ளே நனையவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் என் கை தானாகவே நீண்டது.

"பாபுஜி, இன்னும் நந்தாஷ்டமி வரவில்லை" என்றார் பெரியவர்.

அவர் விளக்கியதன் சாரம் இது. நந்தாதேவி அம்மனின் திருநாளாகிய நந்தாஷ்டமி, பாத்ரபத மாதத்து வளர்பிறை அஷ்டமியில் வருவது. அதற்கு முன் இம்மலரைத் தொடுவதில்லை என்பது அவர்களுடைய முன்னோர் வழக்கம். அந்நாளில் ஊரார் விரதமிருந்து, செருப்பில்லாமல் வெறுங்காலோடு ஏறி, அம்மனுக்கு வேண்டிய அளவு மட்டும் பறித்து வருவார்கள். "இங்கே ஏறி வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்று பறித்தால் அம்மனுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார்.

பக்தியினால் ஏற்பட்ட அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எத்தனை அறிவு அடங்கியிருக்கிறது என்பதை அன்பர்கள் சிந்திக்க வேண்டும். அங்கே கோடை என்பது நான்கு மாதத்துக்கும் குறைவு. அதற்குள் துளிர்த்து, பூத்து, பூச்சிகள் வந்து மகரந்தம் சேர்த்து, விதை முற்றிக் காற்றில் பறக்க வேண்டும். பூ பார்வைக்கு அழகாக இருக்கும் நாளில் அதைப் பறித்தால், அவ்வாண்டு அந்தச் செடிக்கு வித்து இல்லை. அவசரத்தில் வேரோடு பிடுங்கிவிட்டாலோ பல்லாண்டு வாழ்ந்த ஓர் உயிர் அன்றே முடிகிறது. நந்தாஷ்டமி வரை பொறுத்தால் முன்னே பூத்தவை வித்துவிட நேரம் கிடைக்கும். தாவர சாஸ்திரம் படிக்காதவர்கள் செய்த ஏற்பாடு இது.

என் கையை இழுத்துக்கொண்டேன். ஆயினும் மனம் அடங்கவில்லை. வயதான தாயாரின் ஆசையாயிற்றே! ஒன்றே ஒன்று எடுத்தால் மலை குறைந்துவிடுமா என்று உள்ளே ஒரு குரல் வாதாடிக்கொண்டே இருந்தது. அந்த வாதத்துக்கு விடை இறங்கும் வழியிலேயே கிடைத்தது. எங்களுக்கு முன்னே சென்ற யாத்திரிகர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் மூன்று மலர்களை வைத்திருந்தார். காங்கரியா வருவதற்குள் அவை நசுங்கிக் கறுத்து, வதங்கிய முட்டைக்கோஸ் இலைபோல் ஆகிவிட்டன. பை தேநீர்க் கடையின் பின்புறத்துக் குப்பையில் விழுந்தது. அவரும் தம் வீட்டில் யாருக்கோ வாக்குக் கொடுத்தவராகவே இருக்கலாம். 'ஒன்றே ஒன்று' என்று அவரும் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணியவர்களின் கணக்கைக் கூட்டினால் மலையே குறையும்.

இது வெறும் அச்சமன்று. இம்மலரின் உடன்பிறப்புகளின் கதை அதற்குச் சாட்சி. ஒன்று நம் தமிழ் வீடுகளுக்குப் பழகியது. நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டு வாங்குகிறோமே, அது இதே இனத்துச் செடியின் வேர். காஷ்மீரமும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் அதன் பிறப்பிடம். பழந்தமிழர் நீராட்டுக்குச் சொன்ன ஐந்து விரைகளில் துருக்கம், தகரம், அகில், சந்தனம் ஆகியவற்றோடு கோட்டமும் ஒன்று. அத்தனை காலமாக வடமலையின் வேர் தென்னாட்டுக்கு வந்து மணத்திருக்கிறது. ஆனால் வேருக்காகத் தோண்டினால் செடியே போய்விடும் அல்லவா? தோண்டித் தோண்டிக் காட்டில் அது மிக அரிதாகிவிட்டது. 1985 முதல், அழிவை எதிர்நோக்கும் உயிர்களுக்கான சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் அதுவும் இருக்கிறது. லாகௌல் போன்ற உயர்ந்த பள்ளத்தாக்குகளில் அதைப் பயிராக வளர்க்கிறார்கள்.

மற்றொரு உடன்பிறப்பு திபெத்தை அடுத்த மலைகளில் வளரும் பனித்தாமரை. அது வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து மடிவது. மருந்துக்கென்று பூக்கும் செடியையே, அதிலும் பெரிய செடியாகப் பார்த்து எடுக்கிறார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பல காலங்களில் சேகரித்து உலர்த்தி வைத்திருந்த செடிகளை அளந்து பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அந்தச் செடி உயரத்தில் குட்டையாகிவிட்டது தெரிந்தது. அவ்வளவாகப் பறிக்கப்படாத வேறொரு சகோதர இனத்தில் அந்தக் குறைவு காணப்படவில்லை. நெடியவற்றையெல்லாம் மனிதன் எடுத்துவிட, குட்டையானவையே வித்துவிட்டு வம்சத்தை நடத்தின என்பது இதன் பொருள். நாம் பூவைப் பறிக்கிறோம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அதன் சந்ததியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நான்காம் நாள் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். தாயார் வாயிலிலேயே காத்திருந்தார். என் கைகளைத்தான் முதலில் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நீண்ட கையையும் மறைக்கவில்லை. நண்பர் எடுத்த புகைப்படத்தைக் காட்டினேன். கண்ணாடியை அணிந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு பூக்கிறது. நம் வீட்டுப் பூ எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. எப்படி ஒரே பெயர் வந்ததோ!" என்று சிரித்தார். நான் அவருடைய பழைய கேள்வியை மறந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் மறக்கவில்லை.

"ஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்துக்கு மலையேறியா போனார்கள்? காளத்தியில் இருந்தபடியேதானே பாடினார்கள்? அந்தப் பாட்டைச் சுவாமி தள்ளிவிட்டாரா? நான் வைத்த பூவையும் தள்ளியிருக்க மாட்டார். பெயர்தானே தப்பு, பூ தப்பில்லை. நீ பார்த்தாயே அந்தப் பூ, அது அங்கேயே அவருக்குச் சாத்தினபடிதான் இருக்கிறது. நாம் அதைப் பறித்துத் திரும்பச் சாத்த வேண்டியதில்லை."

அன்பர்களே, வேதாந்தம் கற்றவர் அல்லர் என் தாயார். தேவார ஓதுவாரின் குரலைக் கோயில் திண்ணையில் அமர்ந்து கேட்டதே அவர் கல்வி. ஆனால் மலைக்கு மேலே நந்தாதேவியின் அடியவர் சொன்னதையும், காவிரிக்கரையிலிருந்து வந்த இவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

நம்மில் பலர் பிழைப்பை நாடி வடபுலம் வந்தவர்கள். பத்ரி, கேதாரம், ஹேமகுண்டம் ஆகியவை நம் ஊரிலிருந்து வருவோருக்கு வாழ்நாள் கனவு. நமக்கோ விடுப்பு எடுத்துப் போய்வரும் தூரம். ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் செல்பவர்களும் நாமே. ஆகையால் வழிகாட்டும் பொறுப்பு நமக்கு உண்டு. மலைமேல் அந்த மலரைக் காணும்போது, குழந்தைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்; முகரச் சொல்லுங்கள்; படம் வரையச் சொல்லுங்கள். பறிக்க மட்டும் விடாதீர்கள். வழியில் யாரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்குபவர் இருக்கும் வரையில் பறிப்பவர் இருப்பார்.

வீட்டுத் தொட்டியில் இரவில் பூக்கும் அந்த மெக்ஸிகோ நாட்டு விருந்தாளியையும் இகழ வேண்டாம். அதை எத்தனை முறை பறித்தாலும் குற்றமில்லை. விடிந்தால் எப்படியும் வாடிவிடும். ஒரு தண்டை வெட்டி மண்ணில் வைத்தால் அடுத்த வீட்டிலும் வளரும். கொடுக்கக் கொடுக்கப் பெருகுவது அது. விட்டு வைத்தால்தான் நிலைப்பது மற்றது. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் இரண்டையும் எந்தப் பெயரால் அழைத்தாலும் பழுதில்லை.

வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். புகைப்படத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிறுமி மறுபடி ஒரு படம் வரைந்தாள். இம்முறை வெளிறிய கூடாரமும் உள்ளே ஊதாக் கொத்தும் சரியாக அமைந்தன. மதிப்பெண் கிடைத்தது. முதலில் வரைந்த வெள்ளைப் பூவின் படத்தை என் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார். அது இப்போது எங்கள் பூஜை அலமாரியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆவணி மாதம் தொட்டிச் செடி மூன்று பூக்கள் பூத்தது. அண்டை வீட்டார் அனைவரும் வந்திருந்தார்கள். கற்பூரம் காட்டியபின் தாயார் கத்தியை எடுத்து மூன்று தண்டுகளை நறுக்கி, ஈரத் துணியில் சுற்றி, வந்திருந்த மூன்று வீட்டாருக்குக் கொடுத்தார்.